பக்டன் பைக், 1942: ஒரு பயிற்சிப் பறப்பும் ஐந்து மரணங்களும்

1942 ஜனவரி 30. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வாரிக்‌ஷயரில் உள்ள பிராம்கோட் விமானத் தளத்திலிருந்து ஒரு வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் கிளம்பியது. எண் என்2848. உள்ளே ஆறு பேர், ஆறு பேருமே போலந்துக்காரர்கள். அன்றைக்கு அவர்களுக்கு ஜெர்மனிப் பக்கம் போகிற வேலை இல்லை. நாட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி, வரைபடத்தை வைத்து வழி கண்டுபிடித்துத் திரும்ப வேண்டும். பயிற்சி, அவ்வளவுதான். விமானம் திரும்பவில்லை. யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியில், பனிப்புயலுக்கு நடுவே, பக்டன் பைக் என்ற குன்றின் உச்சிக்கு அருகில் மோதி உடைந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். வால் துப்பாக்கிக்காரர் யோசப் ஃபுஸ்னியாக் மட்டும் பிழைத்தார்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வருவது ஒரு நரிதான். ஃபுஸ்னியாக் நரியின் காலடித் தடத்தைப் பின்பற்றி இறங்கி உயிர் பிழைத்தார் என்ற கதை. கதை உண்மைதான், அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் நரி வந்ததும் மற்ற ஐந்து பேரும் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள், அவர்கள் ஏன் அந்தக் குன்றில் மோதினார்கள் என்ற கேள்வியும் கூடவே போய்விடுகிறது. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

யார் இவர்கள், ஏன் பிராம்கோட்டில்?

1939 செப்டம்பர் 1 அன்று மேற்கிலிருந்து ஜெர்மனியும், 17 அன்று கிழக்கிலிருந்து சோவியத் படையும் போலந்துக்குள் நுழைந்தன. ருமேனியா, ஹங்கேரி எல்லைகளைத் தாண்டித் தப்பிய போலந்து விமானப்படையினர் பலர் எப்படியோ பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். 1940 ஜூனில் பிரான்ஸும் விழுந்தது. அப்புறம் கப்பல் பிடித்து பிரிட்டன். இப்படி இரண்டு முறை தோற்றுவந்தவர்களை நம்பலாமா என்று பிரிட்டிஷ் அதிகாரிகளில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. அந்த ஆண்டு கோடையில் நடந்த வான்போரில் போலந்துச் சண்டை விமானிகள் காட்டிய வேகம் அந்தத் தயக்கத்தைப் பெரும்பாலும் தீர்த்துவைத்தது.

புகழ் எல்லாம் சண்டை விமானிகளுக்குப் போனது. குண்டுவீச்சுப் பிரிவினரைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆனால் பிரிட்டனில் முதலில் அமைக்கப்பட்ட போலந்து ஸ்குவாட்ரன்கள் (விமானப் படையணிகள்) குண்டுவீச்சு ஸ்குவாட்ரன்கள்தான். 300, 301 இரண்டும் 1940 ஜூலையிலும், 304, 305 இரண்டும் ஆகஸ்டிலும் உருவாயின. நான்கும் உருவான இடம் இதே பிராம்கோட். முதலில் ஃபேரி பேட்டில் என்ற ஒற்றை எஞ்சின் விமானம் கொடுத்தார்கள், சில மாதங்களில் வெலிங்டன் வந்தது. இந்த ஸ்குவாட்ரன்களுக்குப் புதுக் குழுக்களைத் தயார் செய்து அனுப்பியது 18-ஆம் ஆப்பரேஷனல் டிரெய்னிங் யூனிட். சுருக்கமாக ஓ.டி.யூ. அதுவும் 1940 கடைசியில் பிராம்கோட்டுக்கு வந்துவிட்டது.

ஓ.டி.யூ. என்பது பறக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் இல்லை. பறக்கத் தெரிந்தவர்கள், வரைபடம் பார்க்கத் தெரிந்தவர்கள், மோர்ஸ் தட்டத் தெரிந்தவர்கள், சுடத் தெரிந்தவர்கள் என்று தனித்தனியாகத் தேறி வந்தவர்களை ஒரே விமானத்தில் உட்காரவைத்து ஒரு குழுவாக்கும் இடம். சில வாரங்கள், சில பத்து மணிநேரப் பறப்பு. அது முடிந்ததும் போர்முனை. போலந்துக்காரர்களுக்கு இதற்கு மேல் இன்னொரு சுமையும் இருந்தது. மீட்டர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உயரம் அடியில் வந்தது, கிலோமீட்டர் மைலானது, வானொலியில் வருவதெல்லாம் ஆங்கிலம்.

விமானம்

வெலிங்டனை வடிவமைத்த விக்கர்ஸ் நிறுவனத்தில் அதன் சட்டகத்தை யோசித்தவர் பார்ன்ஸ் வாலிஸ். அலுமினியக் கலவைப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, நம்மூரில் மூங்கில் கூடை முடைவதைப் போலப் பின்னி, அதன் மேல் துணி போர்த்தியிருப்பார்கள். ஓர் இடத்தில் குண்டு பாய்ந்து ஓட்டை விழுந்தால் மற்றப் பட்டைகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும். இறக்கையில் பாதித் துணி எரிந்துபோய்க்கூட இந்த விமானங்கள் வீடு திரும்பியிருக்கின்றன. மொத்தம் 11,461 கட்டினார்கள். போர்க்காலம் முழுக்கத் தயாரிப்பில் இருந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் இதுதான்.

இவ்வளவு உறுதியான விமானம் பயிற்சிக்கு வரும்போது பெரும்பாலும் கிழடாகித்தான் வந்தது. போர் ஸ்குவாட்ரன்கள் ஓட்டித் தேய்த்ததை ஓ.டி.யூ.க்குத் தள்ளிவிடுவது அன்றைய வழக்கம். போர்முனைக்கு நல்லது போகட்டும் என்பது கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. அதன் விளைவு என்னவென்றால், அனுபவம் மிகக் குறைந்த குழு, மிக அதிகமாக உழைத்து ஓய்ந்த எஞ்சினோடு, ஐரோப்பாவின் மிக மோசமான வானிலைகளில் ஒன்றில் பறந்தது. தளத்துக்குத் தளம் இதே கதை.

குழுவில் இரண்டு விமானிகள், ஓர் அப்சர்வர், ஒரு வயர்லெஸ்காரர், முன்னும் பின்னும் துப்பாக்கிக்காரர்கள். அப்சர்வர் என்பவர் வழிகாட்டியும் அவரே, குண்டு போடுபவரும் அவரே. அந்த ஆண்டிலேயே இந்த அமைப்பை மாற்றிவிட்டார்கள். இரண்டாம் விமானியை எடுத்துவிட்டு, அப்சர்வரின் வேலையையும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரே ஆள் வரைபட மேசையில் உட்கார்ந்து கணக்கும் போட்டு, இலக்கு வந்ததும் ஓடிப்போய்க் குப்புறப்படுத்துக் குண்டும் போடுவது நடக்காத காரியம் என்று புரிய இரண்டரை வருஷப் போர் தேவைப்பட்டிருக்கிறது.

வழி தவறுவது எப்படி

இது கொஞ்சம் கணக்கு. ஆனால் இதைத் தாண்டிப் போனால் விபத்து புரியாது.

1942 ஜனவரியில் ஒரு பயிற்சி வெலிங்டனிடம், இருக்கும் இடத்தைத் தானே காட்டும் மின்னணுக் கருவி எதுவும் கிடையாது. 'ஜீ' என்ற வானொலி வழிகாட்டி அமைப்பு போருக்கு முழுவீச்சில் வந்ததே அந்த மார்ச்சில்தான். அதற்கு முன்பு பெரும்பாலும் மனக்கணக்கு, பென்சில், கடிகாரம், திசைகாட்டி. இந்தத் திசையில், இந்த வேகத்தில், இவ்வளவு நேரம் பறந்தோம், காற்று இந்தப் பக்கமிருந்து இவ்வளவு வேகத்தில் அடிக்கிறது, ஆகவே இப்போது இங்கே இருக்கிறோம். அந்தக் கணக்கில் காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விமானத்துக்குள்ளேயே அளந்துவிடலாம். காற்றை மட்டும் பெரும்பாலும் தரையைப் பார்த்துத்தான் சரிபார்க்க முடியும். தரை தெரியாவிட்டால், காலையில் வானிலை அறையில் சொன்ன எண்தான் கடைசிவரை துணை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பிராம்கோட்டிலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால் 120 மைலில் தர்ஸ்க் ஊர்ப் பக்கம் வந்து சேரும். அது யார்க் சமவெளி. தட்டையான நிலம், விமானத் தளங்கள் நெருக்கமாக இருந்த பகுதி. (பெயரில் 'சிலோன்' தாங்கிய 102-ஆம் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன் அந்தப் போரில் பறந்ததும் யார்க்‌ஷயர் தளங்களிலிருந்துதான். இலங்கையிலிருந்து போன நன்கொடைக்கு அடையாளமாக வைத்த பெயர் அது.) அதே கோட்டின் முனையிலிருந்து மேற்கே சுமார் 25 மைல் தள்ளினால் பக்டன் பைக். அதன் உயரம் 702 மீட்டர், அன்றைய விமானி பேசும் கணக்கில் 2,303 அடி.

25 மைல் விலகுவதற்குப் பெரிய முட்டாள்தனம் எதுவும் தேவையில்லை. வெலிங்டன் சாதாரணமாக மணிக்கு 150 மைலுக்குச் சற்று மேலே போகும் என்று வைத்துக்கொண்டால், 120 மைலுக்கு முக்கால் மணிநேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலோ குறைவோ ஆகும். கிழக்கிலிருந்து மணிக்கு 30 மைல் காற்று கூடுதலாக அடித்து, அதைக் கவனிக்காமல் விட்டால் அந்த நேரத்தில் 20 மைலுக்கு மேல் மேற்கே நகர்ந்திருப்பீர்கள். திசைகாட்டியில் இரண்டு டிகிரி பிசகினால் இன்னும் நான்கு மைல். விமானிகளிடையே ஒரு பழைய சூத்திரம் உண்டு: அறுபது மைலுக்கு ஒரு டிகிரி தவறினால் ஒரு மைல் தவறும். தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய பிழை இல்லை. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டால் சமவெளிக்குப் பதில் மலை.

அடுத்தது உயரம். உயரமானி என்பது உண்மையில் உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளக்கிறது. கிளம்பும்போது தளத்தின் அழுத்தத்துக்கு முள்ளைத் திருப்பி வைப்பார்கள். குறைந்த அழுத்தம் உள்ள பகுதிக்குள் பறந்துபோனால் முள் ஏமாற்றும். அழுத்தம் குறையும் ஒவ்வொரு மில்லிபாருக்கும் சுமார் 30 அடி வீதம், இல்லாத உயரத்தை இருப்பதாகக் காட்டும். 15 மில்லிபார் குறைந்திருந்தால் 450 அடி போயிற்று. உறைபனிக் குளிரிலும் அப்படித்தான். குளிர்ந்த காற்று அடர்த்தியாகப் படிந்திருப்பதால் முள் காட்டுவதைவிட விமானம் தாழ இருக்கும். இரண்டும் சேர்ந்தால், முள் 2,800 அடி என்று நிம்மதியாகக் காட்டிக்கொண்டிருக்க, விமானம் பக்டன் பைக்கின் உச்சி உயரத்தில் பறந்துகொண்டிருக்கலாம்.

இப்போது பனிப்புயலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே மேகம், கீழே வெள்ளைத் தரை, நடுவே வெள்ளைப் பனி. அடிவானம் என்று ஒன்று இல்லை. இறக்கையில் பனிக்கட்டி ஏறும், எஞ்சினின் கார்புரேட்டரிலும் ஏறும், விமானம் கனமாகும். வழி தெரியாத குழுவுக்கு அப்போது வரும் ஆசை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கொஞ்சம் இறங்கிப் பார்த்துவிடலாம். ஒரு ரயில் பாதை, ஓர் ஆறு, ஒரு சர்ச் கோபுரம் கண்ணில் பட்டால் போதும், இடம் தெரிந்துவிடும். சமவெளிக்கு மேலே இருந்தால் அது பிழைக்கும் வழி. பக்டன் பைக்குக்குக் கீழே உள்ள வார்ஃப்டேல் போன்ற பள்ளத்தாக்கில் அதுவே பொறி. வார்ஃப் ஆற்றின் மேல்பகுதியில் பள்ளத்தாக்கு போகப்போகக் குறுகும், அடித்தளம் உயரும், இரண்டு பக்கமும் 600, 700 மீட்டர் குன்றுகள். மேகம் மூடிபோல உட்கார்ந்துவிட்டால் முன்னே போகவும் முடியாது, திரும்பவும் இடம் கிடையாது.

எதை வைத்துப் பார்த்தாலும் இதை 'விமானியின் தவறு' என்று ஒரே வரியில் எழுதி மூடுவது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கால விபத்துப் பதிவுகளில் அந்த வரி அடிக்கடி வருகிறது. கடைசியாகக் கையை வைத்தவர் அவர்தானே, எழுதுவதும் சுலபம். பயிற்சிக் குழுவை அந்த வானிலையில் அனுப்பியது யார், அந்த வானிலையைக் கணித்தது எப்படி, மலைகளுக்கு அருகே பாதை போட்டது ஏன் என்ற கேள்விகள் எல்லாம் தரையில் இருப்பவர்களைப் பார்த்துக் கேட்கவேண்டியவை.

மோதல்

விமானம் உச்சியை ஒட்டி மோதியது. உடைந்தபோது வால் பகுதி முறிந்து தனியானது. ஃபுஸ்னியாக் இருந்தது அதன் கடைசியில் உள்ள சுழல் கூண்டில்.

வால் துப்பாக்கிக்காரரின் இருக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். விமானம் எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியாது, எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியும். மற்றவர்களிடமிருந்து தள்ளி, குளிரில், தனியாக. பாராசூட் பொதியைக்கூடக் கூண்டுக்குள் வைக்க இடமில்லாமல் வெளியே உடற்பகுதியில் வைத்திருப்பார்கள். இரவில் ஜெர்மன் சண்டை விமானம் பின்னாலிருந்து வரும்போது முதலில் சுடப்படுவது அவர்தான் என்பதால் மிக ஆபத்தான இருக்கை என்று பெயர் வாங்கியது. ஆனால் மூக்கு முன்னே போய் மலையில் மோதும் விபத்துகளில் நிலைமை தலைகீழ். மோதலின் வேகத்தை முன்பகுதி வாங்கி நொறுங்க, வால் முறிந்து விழும். பிரிட்டிஷ் மலைகளில் நடந்த பல விபத்துகளில் உயிரோடு எடுக்கப்பட்ட ஒரே ஆள் வால் துப்பாக்கிக்காரராக இருந்திருக்கிறார்.

ஃபுஸ்னியாக்குக்குக் கால் முறிந்திருந்தது, உடம்பில் வெட்டுக் காயங்கள். உடைந்த பாகங்களுக்கு நடுவே தேடினார். குழுவினரில் ஒருவர் மட்டும் படுகாயத்தோடு உயிருடன் இருந்தார். அவரை முடிந்தவரை போர்த்தி, காற்று படாமல் வைத்துவிட்டு, உதவி தேடிக் கிளம்பினார். இந்த முடிவு எளிதானது இல்லை. விபத்தில் சிக்கினால் விமானத்தை விட்டு நகராதே என்பதுதான் பொதுவான பாடம். ஆனால் புயலில், மேகத்துக்குள் மறைந்த உச்சியில், அவர்கள் எங்கே விழுந்தார்கள் என்று யாருக்கும் தெரியாத நிலையில், காத்திருந்தால் இரண்டு பேருமே அங்கேயே விறைத்துப்போயிருப்பார்கள். நடக்க முடியாத காலோடு ஒருவர் நகர்வதைத் தவிர வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நரி

சரி, நரிக்கு வருவோம். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள் நம் பக்கம். ஃபுஸ்னியாக் நரி முகத்தைப் பார்க்கவில்லை. பனியில் அதன் காலடியைத்தான் பார்த்தார். பார்த்தவர் யோசித்தார்: இந்தக் குளிரில், இவ்வளவு பனியில், நரிக்கு மேலே தின்ன ஒன்றும் கிடைக்காது. அது இரை தேடிக் கீழே, மனிதர்கள் இருக்கும் பக்கம்தான் போகும். ஆகவே இந்தத் தடம் ஏதாவதொரு வீட்டுக்குப் போகும். தடத்தைப் பிடித்துக்கொண்டு, தவழ்ந்தும் இழுத்துக்கொண்டும் இறங்கினார்.

இதை அற்புதம் என்று எழுதுகிறார்கள். நரியைத் தேவதூதர் அளவுக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. எனக்கு இதில் அற்புதத்தைவிட அந்த மனிதரின் நிதானம்தான் பெரிதாகத் தெரிகிறது. பனி கொட்டும்போது தடம் சீக்கிரம் மூடிவிடும். தடம் தெரிந்தது என்றால் நரி சற்று முன்புதான் அந்த வழியே போயிருக்கிறது. அந்த வாய்ப்பு அதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலையில் அடிபட்டு, கால் உடைந்து, கூட வந்தவர்கள் இறந்து கிடக்க, அந்நிய நாட்டில், திசை தெரியாத வெள்ளையில் ஒரு மிருகத்தின் தடத்தைப் பார்த்து 'இது எங்கே போகும்' என்று யோசிக்க முடிந்ததே, அது அதிர்ஷ்டம் இல்லை. மேலே குழு எதைத் தேடிக் கொண்டிருந்ததோ, அதாவது நம்பக்கூடிய ஒரே ஒரு அடையாளம், அது தரையில் அவருக்குக் கிடைத்தது. அதைச் சரியாகப் படித்தார்.

குன்றின் அடிவாரத்தில் கிரே என்ற சிற்றூர். ஊர் என்று சொன்னாலும் சில வீடுகளும் வயிட் லயன் என்ற விடுதியும்தான். பார்க்கர் குடும்பம் அவரை உள்ளே சேர்த்துக் கவனித்தது. மேலே இன்னும் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்ற தகவல் கிடைத்ததும் ஆட்கள் கிளம்பினார்கள். புயல் விடவில்லை. விமானத்தை அவர்கள் சென்றடைந்தபோது அந்த ஐந்தாவது ஆளும் இறந்திருந்தார்.

இதே மாதிரி இன்னொன்று, வேறு முடிவோடு

இதற்குப் பதின்மூன்று மாதம் முன்பு, 1940 டிசம்பர் 31 அன்று, ஸ்காட்லாந்தின் லாசிமவுத் தளத்திலிருந்து 20-ஆம் ஓ.டி.யூ.வின் வெலிங்டன் ஒன்று இதேபோன்ற பயிற்சிக்குக் கிளம்பியது. எண் என்2980. 1939 டிசம்பர் 18 அன்று, ஜெர்மனிக் கடற்கரையை ஒட்டிய ஹெலிகோலாண்ட் வளைகுடா வான்போரில், பாதிக்கு மேற்பட்ட வெலிங்டன்கள் சுடப்பட்டு விழுந்த அந்த நாளில், தப்பித் திரும்பிய விமானம் அது. பிறகு பயிற்சிக்குத் தள்ளப்பட்டது. மலைகளுக்கு மேல் பனிச் சூறையில் சிக்கி வலது எஞ்சின் நின்றுபோனது. விமானி ஸ்குவாட்ரன் லீடர் மார்வுட்-எல்டன் குழுவினரைக் குதிக்கச் சொன்னார். ஆறு பேர் குதித்தார்கள். அதில் வால் துப்பாக்கிக்காரர் மட்டும் பாராசூட் கோளாறால் இறந்தார். பிறகு மேக இடைவெளியில் ஒரு நீண்ட ஏரி தெரிய, விமானியும் துணை விமானியும் விமானத்தை அதில் இறக்கிவிட்டு ரப்பர் படகில் கரை சேர்ந்தார்கள். அந்த ஏரி லாக் நெஸ்.

1976-இல் அந்த ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் பூதத்தைத் தேடிப் போன ஒரு குழுவின் சோனாரில் விமானம் தட்டுப்பட்டது. 1985 செப்டம்பரில் மேலே எடுத்தார்கள். பேட்டரியை இணைத்தபோது வால் விளக்கு எரிந்தது என்பது பிரிட்டிஷ்காரர்கள் சொல்லிச்சொல்லி மகிழும் விஷயம். இப்போது அது பிறந்த இடமான புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பனி இரண்டு இடத்திலும் உண்டு, மலை இரண்டு இடத்திலும் உண்டு, பழைய விமானம், பயிற்சிக் குழு எல்லாம் அப்படியே. லாக் நெஸ் விமானத்தில் எஞ்சினே நின்றுபோனது, ஆனால் பல ஆயிரம் அடி உயரம் கையில் இருந்தது. அந்த உயரம்தான் அவர்களுக்கு நேரம் கொடுத்தது. குதிப்பதா, இருப்பதா, எங்கே இறக்குவது என்று முடிவு செய்ய நேரம். பக்டன் பைக்கில் மோதிய குழுவுக்குத் தாங்கள் ஆபத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளவே சில நொடிகள் கிடைத்திருந்தால் அதிகம்.

பயிற்சியில் செத்தவர்கள்

பிரிட்டனின் குண்டுவீச்சுக் கட்டளைப் பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. இதில் 8,000-க்கும் மேற்பட்டோர் எதிரியால் சாகவில்லை. பயிற்சியிலும் மற்ற விபத்துகளிலும் செத்தார்கள். ஏழு பேரில் ஒருவர் என்று கணக்கு வருகிறது. இவர்களில் மிகப் பலர் ஒரு முறைகூட ஜெர்மனியைப் பார்த்ததில்லை.

அன்றைய தலைமைக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. குழுக்கள் தேவை, வேகமாகத் தேவை, குளிர்காலம் முடியட்டும் என்று போர் காத்திருக்காது. ஜெர்மனி மேலேயும் பனி பெய்யும், அதில் பறக்க இங்கேயே பழகட்டும் என்ற வாதமும் இருந்தது. வாதத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் 1939-40-இலிருந்து மூன்று கடுங்குளிர்காலங்கள் தொடர்ந்து வந்த பிறகும், தேய்ந்த விமானத்தில் கற்றுக்குட்டிக் குழுவை மலைப் பக்கம் அனுப்புவதைக் குறைக்கவில்லை என்றால், அதைப் பயிற்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

பயிற்சிக்கும் போருக்கும் நடுவே அவர்கள் போட்ட கோடும் மெல்லியதுதான். அதே 1942-இல், மே 30 இரவு, கொலோன் நகரத்தின் மேல் ஆயிரம் விமானங்களை அனுப்பிக் காட்டவேண்டும் என்று குண்டுவீச்சுக் கட்டளைப் பிரிவின் தலைவர் ஆர்தர் ஹாரிஸ் முடிவெடுத்தார். போர் ஸ்குவாட்ரன்களிடம் அவ்வளவு விமானம் இல்லை. ஓ.டி.யூ.க்களிலிருந்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் கிழட்டு வெலிங்டன்களையும் இழுத்துவந்து எண்ணிக்கையை நிரப்பினார்கள். அன்றிரவு கிளம்பிய 1,047 விமானங்களில் மூன்றில் ஒரு பங்கு பயிற்சிப் பிரிவுகளைச் சேர்ந்தவை. பாதிக்கு மேல் வெலிங்டன்.

பிறகு

இறந்த ஐந்து பேரையும் நாட்டிங்ஹம்‌ஷயரில் உள்ள நியூவார்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். போலந்து விமானப்படையினர் சுமார் 400 பேர் அங்கே இருக்கிறார்கள். நாடுகடந்த போலந்து அரசின் பிரதமர் ஜெனரல் சிகோர்ஸ்கி 1943-இல் ஜிப்ரால்டரில் விமான விபத்தில் இறந்தபோது அவரையும் அங்கேதான் புதைத்தார்கள். போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த பின், 1993-இல், அவருடைய உடலை கிராக்கோவுக்கு எடுத்துப்போனார்கள். இந்த விமானப்படையினர் நியூவார்க்கிலேயே இருக்கிறார்கள்.

ஃபுஸ்னியாக் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1973-இல் பக்டன் பைக் உச்சிக்கு அருகே, விபத்து நடந்த இடத்தில், தன் தோழர்களுக்காக ஒரு கல் சிலுவையை எழுப்பினார். உடைந்த விமானத்தின் பாகங்கள் சில அதன் அடித்தளத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன. கூடவே சிறியதாக ஒரு வெண்கல நரித் தலை. கல்வெட்டில் கடவுளுக்கும் பார்க்கர் குடும்பத்துக்கும் ஊர்க்காரர்களுக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். பக்டன் ஊரிலிருந்து உச்சிக்கு நடைபாதை இருக்கிறது, வார இறுதிகளில் மலையேறுபவர்கள் நிறைய. உச்சியைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்பிவிட்டால் சிலுவை தவறிப்போகும். கற்சுவரை ஒட்டித் தெற்கே கொஞ்சம் நடக்க வேண்டும். மேலே சதுப்பு அதிகம், நல்ல பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள்.

1942 ஜனவரியில் அந்தக் குன்றில் விழுந்தவர்களைத் தேட என்று தனியாக யாரும் இல்லை. விடுதிக்காரர்களும் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் போலீஸும் தங்களுக்குத் தெரிந்த வழியில் ஏறியதுதான் மீட்புப் பணி. வேல்ஸில் உள்ள லாண்ட்வ்ராக் தளத்தின் மருத்துவர் ஜார்ஜ் கிரஹாம், தன் தளத்தைச் சுற்றியுள்ள மலைகளில் விழுந்த பயிற்சி விமானக் குழுக்கள் உதவி கிடைக்காமல் சாவதைப் பார்த்துச் சலித்து, மலையேறத் தெரிந்த சிலரைச் சேர்த்துத் தானே ஒரு மீட்புக் குழுவை ஓட்டத் தொடங்கினார். அதிலிருந்துதான் 1943-இல் விமானப்படையின் மலை மீட்புச் சேவை உருவானது. கயிறு, ஸ்ட்ரெச்சர், வானொலி, ஜீப், மலை தெரிந்த ஆட்கள் என்று அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பக்டன் பைக்குக்கு அது ஓராண்டுக்கும் மேல் தாமதம்.